ஜாக்கெட்டா – ரிச்சர்ட் உட்வில் கல்யாணம்: 1435-ஆ, 36-ஆ, 37-ஆ?

கிளைவிடும்மரம் (கேள்வி)

வணக்கம். மூன்று மாதமாக இங்கிலாந்தின் ரோஜாப் போர்களை, அதாவது 15-ஆம் நூற்றாண்டில் சிம்மாசனத்துக்காக நடந்த சண்டைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாருக்கு யார் என்ன உறவு என்பது தலையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. அதனால் போன வருஷ மாதக் காலண்டரைக் கிழித்து, பின்பக்கத்தில் வம்சாவளி வரைய ஆரம்பித்தேன். பிறப்பும் இறப்பும் ஓரளவு ஓடிவிட்டன. கல்யாணத் தேதியில் வண்டி நின்றுவிட்டது.

மாட்டிக்கொண்ட இடம் இது. நான்காம் எட்வர்டின் ராணி எலிசபெத் உட்வில். அவளுடைய அம்மா ஜாக்கெட்டா, லக்ஸம்பர்க் வம்சத்துப் பெண். 1433 ஏப்ரலில், 17 வயதில், பெட்ஃபோர்ட் டியூக் ஜானுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டாள். ஜான் சாதாரண ஆள் இல்லை, ராஜா ஆறாம் ஹென்றியின் சித்தப்பா. 1435 செப்டம்பர் 14 அன்று ரூவான் நகரில் அவர் இறந்துபோனார். பிறகு ஜாக்கெட்டா, ஜானிடம் வேலை பார்த்த ரிச்சர்ட் உட்வில் என்ற நைட்டை யாருக்கும் சொல்லாமல் கட்டிக்கொண்டாள். இவர்களுடைய மகள்தான் எலிசபெத்.

கல்யாணம் எந்த வருஷம்? ஒரு தளத்தில் 1435, இன்னொன்றில் 1436, மற்றொன்றில் 1437. எலிசபெத் பிறந்ததும் 1437 என்றுதான் பொதுவாகப் போடுகிறார்கள். குழந்தை முதலில் வந்ததா கல்யாணம் முதலில் வந்ததா என்றே எனக்குப் புரியவில்லை.

அடிக்குறிப்பில் எல்லாம் 'கேலண்டர் ஆஃப் பேட்டன்ட் ரோல்ஸ்' என்று இருக்கிறது. நான் உண்மையாகவே அதைப் பஞ்சாங்கம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். சிரிக்காதீர்கள். சர்ச்சில் கல்யாணப் பதிவேடு இருந்திருக்காதா? இல்லையென்றால் ராஜா இரண்டாம் எட்வர்டின் நெருங்கிய நண்பர் பியர்ஸ் கேவ்ஸ்டனின் கல்யாணத்துக்கு மட்டும் 1307 நவம்பர் 1 என்று கச்சிதமாக நாள் எங்கிருந்து வந்தது?

மூலப்பத்திரம்

சர்ச் பதிவேட்டை மறந்துவிடுங்கள் அம்மா. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இவற்றை ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒவ்வொரு சர்ச் வட்டாரமும், எழுதிவைக்க வேண்டும் என்று தாமஸ் க்ராம்வெல் உத்தரவு போட்டது 1538-இல். உங்கள் ஜாக்கெட்டா அதற்கு நூறு வருஷம் முந்தியவள்.

நான் 31 வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவன். இங்கிலாந்துக்குப் போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பழைய ஆவணங்களில் விழுந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆனால் வேலை ஒரே வேலைதான். வில்லங்கம் பார்க்கும்போது ஒரு பெண் 'இன்னாரின் மகள்' என்று கடைசியாக வரும் பத்திரத்தையும், 'இன்னாரின் மனைவி' என்று முதலில் வரும் பத்திரத்தையும் எடுத்து வைப்போம். கல்யாணம் நடுவில் எங்கேயோ இருக்கிறது. பத்திரிகையைக் கேட்டால் கரையான் தின்றுவிட்டது என்பார்கள், பத்திரம் மட்டும் பெட்டியில் இருக்கும். நிலம் கை மாறினால்தான் பேனா திறக்கும். அங்கேயும் அதே கதைதான்.

பிரபு குடும்பத்து விதவைக்கு, புருஷன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கின் வருமானம் ஆயுள் முழுக்க உண்டு. அதை 'டவர்' என்பார்கள். அந்த நிலம் நேராக ராஜாவிடமிருந்து வந்ததாக இருந்தால், அவள் மறுமணத்துக்கு ராஜாவின் அனுமதி வேண்டும். 1215-இன் மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்திலேயே இது இருக்கிறது: விதவையைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆனால் அவளும் ராஜாவைக் கேட்காமல் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். காரணம் பாசம் இல்லை. அவளைக் கட்டுகிறவன் கைக்கு அந்த நிலமும் போகும். எதிரி கைக்குப் போய்விட்டால்?

இப்போது ஜாக்கெட்டாவின் காகிதங்களைப் பாருங்கள். 1436 பிப்ரவரி 6 அன்று டவர் கொடுக்கிறார்கள், அனுமதி இல்லாமல் மறுமணம் கூடாது என்ற நிபந்தனையோடு. 1437 மார்ச் 23 தேதியிட்ட பதிவில் அவள் அனுமதி இல்லாமல் உட்வில்லைக் கட்டிக்கொண்ட விஷயமும் 1,000 பவுண்ட் அபராதமும் வருகின்றன. அதே வருஷம் அக்டோபர் 24-இல் மன்னிப்பு. ஆக, கல்யாணம் அந்தப் பிப்ரவரிக்கும் இந்த மார்ச்சுக்கும் இடையில். 13 மாதம், சொச்சம் நாள். இதற்கு மேல் குறுக்க என்னிடம் காகிதம் இல்லை.

பொதுவாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டு கிடைத்தால் கல்யாணம் அதற்குப் பிறகு. மன்னிப்புச் சீட்டு கிடைத்தால் அதற்கு முன்பு. அனுமதி வாங்கிவிட்டுக் கல்யாணமே நடக்காமல் போன கதையும் உண்டு, அதனால் மன்னிப்புதான் எனக்குப் பிடித்த காகிதம். பணம் கட்டி மன்னிப்பு வாங்கினவன் தப்பு பண்ணாமல் இருந்திருக்க மாட்டான்.

சரி, மூன்று வருஷம் எப்படி வந்தது? இதைக் கவனமாகப் பாருங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்டு எண் மாறுவது மார்ச் 25-இல். நாம் 1437 மார்ச் 23 என்று சொல்லும் நாளில் அவர்களுக்கு இன்னும் 1436 முடியவில்லை, இரண்டு நாள் பாக்கி. நாம் 1436 பிப்ரவரி 6 என்பது அவர்களுக்கு 1435. ஒருவர் பழைய கணக்கை அப்படியே எடுத்து எழுதுவார், இன்னொருவர் மாற்றி எழுதுவார், மூன்றாமவர் மாற்றியதையே மறுபடி மாற்றுவார். உங்கள் மூன்று தளங்களும் ஒரே இரண்டு காகிதங்களைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன என்பது என் சந்தேகம்.

கேலண்டர் விஷயம்: அது பஞ்சாங்கம் இல்லை. ராஜா பெயரில் வெளியே போன திறந்த கடிதங்களை எல்லாம் சான்சரி என்ற அரசு எழுத்து அலுவலகத்தின் குமாஸ்தாக்கள் தோல் சுருளில் நகல் எடுத்து வைத்தார்கள். அதுதான் பேட்டன்ட் ரோல். மடித்து முத்திரையிட்டு அனுப்பியவை குளோஸ் ரோலில் போகும். லத்தீனில் இருக்கும் அந்தச் சுருள்களை ஒவ்வொன்றாகச் சுருக்கி ஆங்கிலத்தில் அச்சிட்ட தொகுப்புக்குப் பெயர் கேலண்டர். பழைய தொகுதிகள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன.

கிளைவிடும்மரம்

ஐயா, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி தொகுதியைத் திறந்துவிட்டேன். ஒரு சந்தேகம். கடிதத்திலேயே கிறிஸ்து ஆண்டு இருக்காது, ராஜா பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருஷம் என்றுதான் இருக்கும் என்று முன்னுரையில் படித்தேன். ஆறாம் ஹென்றி 1422. மன்னிப்பு 16-ஆம் வருஷம் அக்டோபர் 24. 1422-உடன் 16-ஐக் கூட்டினால் 1438 வருகிறது. நீங்கள் 1437 என்கிறீர்களே?

லண்டன்குளிர்

நான் சொல்கிறேன் அக்கா, இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். ஆறாம் ஹென்றியின் கணக்கு 1422 செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. அன்றே முதல் வருஷம் ஓட ஆரம்பித்துவிடும், பூஜ்யம் கிடையாது. 16-ஆம் வருஷம் என்றால் 1437 செப்டம்பர் 1 முதல் 1438 ஆகஸ்ட் 31 வரை. அக்டோபர் முன்பாதியில் விழுகிறது, எனவே 1437. இவருக்கு மட்டும் ஒரு குறுக்குவழி: ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை 1422-உடன் கூட்டுங்கள், செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை 1421-உடன். வேறு ராஜாவுக்கு இது ஓடாது. மூன்றாம் எட்வர்டுக்கு ஜனவரி 25-இல் வருஷம் திரும்பும். அவருடைய 14-ஆம் வருஷம் ஜனவரி 10 என்றால் 1340 இல்லை, 1341. ஜான் ராஜா இன்னும் மோசம். இயேசு விண்ணேற்பு விழாவில் முடிசூடியதால் அவருடைய வருஷம் அந்த விழாவிலிருந்து அந்த விழா வரை. விழா ஈஸ்டரோடு சேர்ந்து நகரும், வருஷத்தின் நீளமும் கூடும் குறையும்.

வேலை இல்லாத நாளில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போவேன். பேட்டன்ட் ரோலின் வரிசை எண் சி 66. ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். ஆட்டுத்தோல் துண்டுகளைத் தலையோடு கால் வைத்து நீளமாகத் தைத்திருக்கிறார்கள், பாய் சுருட்டின மாதிரி இருக்கும். பேனா உள்ளே கொண்டுபோக முடியாது, பென்சில் மட்டும்தான். சுருள் தானாகத் திரும்பச் சுருண்டுகொள்ளும், அதனால் துணிக்குள் ஈயம் வைத்துத் தைத்த, பாம்பு மாதிரி நீண்ட எடைகளை மேலே வைக்க வேண்டும். ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் மறுபக்கம் நழுவும். முதல் நாள் முழுக்க எனக்குப் புரிந்த லத்தீன் சொற்கள் இரண்டே: 'உக்ஸோர் எயுஸ்', அவனுடைய மனைவி. ஆனால் நமக்கு வேண்டியதும் அந்த இரண்டுதானே.

இன்னொன்று, நான் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் உடனே தோன்றியது. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். இடைக்காலத்தில் இந்தத் தடை இன்னும் நீளம், ஈஸ்டருக்கு ஒன்பது வாரம் முன்பே தொடங்கிவிடும். 1437-இல் ஈஸ்டர் மார்ச் 31. ஐயா சொன்ன மார்ச் 23, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. தடை தொடங்கியது ஜனவரி 27. ஒழுங்காக ஓலை (கோயிலில் முன்கூட்டியே சொல்லும் கல்யாண அறிவிப்பு) வாசித்துக் கோயில் வாசலில் நடந்த கல்யாணம் என்றால், ஜனவரி 27-க்கு முன்பே நடந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் குறைத்துவிட்டேன் பாருங்கள்!

கேவ்ஸ்டனுக்கு நாள் தெரிவதற்குக் காரணம் ராஜாவின் வீட்டுச் செலவுக் கணக்கு. அவர் கட்டிக்கொண்டது இரண்டாம் எட்வர்டின் அக்கா மகள் மார்கரெட் டி கிளேரை, பெர்காம்ஸ்டெட்டில். மாப்பிள்ளை பெண் கோயில் வாசலுக்கு வந்தபோது தலைக்கு மேல் வீசுவதற்கு ராஜா கொடுத்த சில்லறை 7 பவுண்ட் 10 ஷில்லிங் 6 பென்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பென்னியாகக் கணக்குப் போட்டேன், 1,806 வருகிறது. கீழே பொறுக்கியவர்களுக்கு நல்ல நாள்.

குறுக்குக்கேள்வி

எல்லாம் சரி, ஆனால் இரண்டு பேரையும் கொஞ்சம் இடிக்கிறேன்.

முதலில் லண்டன்குளிர். ராஜாவுக்குத் தெரியாமல் நடந்த கல்யாணம் என்று நாமே சொல்கிறோம். அப்புறம் அது திருச்சபை நாள்காட்டியைப் பார்த்து நடந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது? அந்தக் காலத் திருச்சபைச் சட்டப்படி ஆணும் பெண்ணும் 'இப்போது உன்னைக் கட்டிக்கொள்கிறேன்' என்று ஒருவருக்கொருவர் சொன்னாலே கல்யாணம் செல்லும். குரு வேண்டாம், சாட்சி வேண்டாம், ஓலை வேண்டாம். தப்புதான், தண்டனை உண்டு, ஆனால் செல்லும். கென்ட் ஜோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1340-இல் 12 வயது வாக்கில் தாமஸ் ஹாலண்டை ரகசியமாகக் கட்டினாள். அவன் வெளிநாடு போயிருந்தபோது வீட்டார் வில்லியம் மான்டகுவுக்கு ஊரறியக் கட்டி வைத்தார்கள். ஹாலண்ட் வழக்கைப் போப்பிடம் கொண்டுபோய் 1349 நவம்பரில் ஜெயித்தான். ஊரறிய நடந்தது ரத்து, யாரும் பார்க்காதது நின்றது! அந்த 1340-ஐ அன்றைக்கு எழுதின காகிதம் எதுவும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து வழக்கில் சொன்னதை வைத்துத்தான் நமக்குத் தெரிகிறது. ஜனவரி 27 கணக்கு அழகு, ஆனால் அதை எல்லையாகப் போடாதீர்கள்.

இப்போது ஐயா. 1436 பிப்ரவரி 6-ஐ முன் எல்லையாகப் போட்டீர்கள். ஏன்? அந்த நாளில் அதிகாரிகள் அவளை விதவை என்று நம்பினார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்பே ரகசியமாகக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் வந்து டவரை வாங்கியிருக்கலாமே? சொன்னால் டவர் தாமதமாகும் என்று தெரிந்த பெண் ஏன் சொல்லப் போகிறாள்? உறுதியான முன் எல்லை பெட்ஃபோர்ட் இறந்த 1435 செப்டம்பர் 14 மட்டும்தான்.

மூலப்பத்திரம்

வாங்கிக்கொண்டேன் தம்பி. அடி சரியான இடத்தில் விழுந்தது. 'விதவை' என்று காகிதத்தில் இருப்பது எழுதினவனுக்குத் தெரிந்த செய்தி, அவளுடைய நிலைமை இல்லை. என் தொழிலிலும் இதே பார்த்திருக்கிறேன். வாரிசு இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன மாதமே பேரன் வந்து நின்றிருக்கிறான்.

ஆனாலும் பிப்ரவரி 6-ஐ முழுக்கத் தள்ள மாட்டேன். அவள் அப்போது இருந்த நிலையை யோசியுங்கள். புருஷன் போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மாட்டினால் 1,000 பவுண்ட் என்றில்லை, கையில் இருக்கும் நிலமே போகலாம். டவர் கைக்கு வரும்வரை பொறுத்திருப்பாள் என்றுதான் என் மனசு சொல்கிறது. மனசு சொல்வதைப் பத்திரத்தில் எழுத முடியாது என்பதும் தெரியும். ஆகவே இரண்டு எல்லையாகப் போடலாம்: வலுவானது 1435 செப்டம்பர் 14, நம்பக்கூடியது 1436 பிப்ரவரி 6.

ராஜாக்கள் என்ன தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதும் எப்போதும் தெளிவாக இருக்காது. முதலாம் எட்வர்டின் மகள் ஏக்கர் ஜோன், கேவ்ஸ்டன் கட்டிய மார்கரெட்டின் அம்மா. முதல் புருஷன் கில்பர்ட் டி கிளேர் 1295 டிசம்பர் 7-இல் இறந்தார். பிறகு வீட்டில் இருந்த சாதாரண வீரன் ரால்ஃப் டி மான்தெர்மரை ரகசியமாகக் கட்டினாள். 1297 ஜனவரி 29-இல் அப்பா அவளுடைய நிலத்தை எல்லாம் பறிமுதல் செய்கிறார். சரி, விஷயம் தெரிந்துவிட்டது போல என்று நினைத்தால், மார்ச் 16-இல் அதே அப்பா அவளை சவாய் பிரபு அமடேயஸுக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறார்! தெரிந்திருந்தால் சவாய்க்கு ஏன் சம்மதம்? தெரியாவிட்டால் நிலத்தை ஏன் பிடுங்கினார்? ஏதோ காதில் விழுந்திருக்கிறது, முழுசாக இல்லை என்று நான் படிக்கிறேன். ரால்ஃப் பிரிஸ்டல் கோட்டையில் கம்பி எண்ணிவிட்டு, ஆகஸ்ட் 2-இல் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தபோதுதான் விவகாரம் தீர்ந்தது. அந்த நாளில் கல்யாணம் ஊரறிந்தது, அவ்வளவு உறுதி. மற்றதெல்லாம் நம் ஊகம். அங்கேயும் 1296, 1297 என்று இரண்டு வருஷம் இணையத்தில் ஓடும், பாருங்கள்.

அப்புறம், பெயரை நம்பி ஏமாறாதீர்கள் அம்மா. இந்த ஜோனுடைய இன்னொரு மகள் எலிசபெத். முதல் புருஷன் ஜான் டி பர்க். இரண்டாவது தியோபால்ட் டி வெர்டன், 1316 பிப்ரவரியில் பிரிஸ்டல் கோட்டையிலிருந்து இவளைத் தூக்கிக்கொண்டு போனவர். அவளே கோட்டைக்கு வெளியே வந்து தன்னைச் சந்தித்தாள் என்று அவர் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆறு மாதத்தில், ஜூலை 27-இல், போய்ச் சேர்ந்தார். மூன்றாவது ரோஜர் டாமரி, 1317-இல். இத்தனைக்கும் பிறகு 1360-இல் சாகும்வரை அவள் எலிசபெத் டி பர்க் தான். கேம்பிரிட்ஜில் கிளேர் கல்லூரிக்கு வாழ்வு கொடுத்த அம்மாள் இவள்தான். 1320-இல் ஒரு காகிதத்தில் 'டி பர்க்' என்று பார்த்துவிட்டு இன்னும் ஜான் உயிரோடு இருக்கிறார் என்று எழுதினால் முடிந்தது கதை. பெரிய இடத்துப் பெயர் கிடைத்தால் விடமாட்டார்கள்.

லண்டன்குளிர்

ஜனவரி 27-ஐ வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்று விட்டுவிடுங்கள், கணக்குப் போட்ட ஆசை.

கிளைவிடும்மரம்

காலண்டர் தாளில் ஒரு கல்யாணத்துக்கு நான் விட்டிருந்த கட்டம் இரண்டு விரல் அகலம். அதில் '1435 செப். 14-க்குப் பின், அநேகமாக 1436 பிப். 6-க்குப் பின், 1437 மார்ச் 23-க்கு முன்' என்று எழுதியதில் ரிச்சர்டின் பெயர் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டது. எலிசபெத் பிறந்த 1437-க்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போட்டேன். அதற்கும் அன்றைய காகிதம் இல்லை என்று இப்போதுதான் கவனித்தேன்.

இன்றைக்கு எலிசபெத்தின் முதல் புருஷன் ஜான் கிரேயிடம் வந்திருக்கிறேன். ரோஜாப் போர்களில் ஒன்றான செயின்ட் ஆல்பன்ஸ் இரண்டாம் சண்டையில் செத்தவர். பிப்ரவரி 17 என்று எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஒருவர் 1461 என்கிறார், ஒருவர் 1460. மார்ச் 25-க்கு முந்தின தேதி. இதற்கு நான் கேள்வி போடப் போவதில்லை ஐயா, 1461 என்று பேனாவிலேயே எழுதிவிட்டேன்.